சாயங்காலக் குரல்காரன்

பேருந்து நிலையத்தின் காலை ஷிப்ட் அறிவிப்பாளரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பள நாளைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அவர் மைக்கைப் பிடித்து, "மலைப்பாதை வழியாகச் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்று முழங்கினால், தயாராக இல்லாத பேருந்துகளும் ஒரு தரம் உறுமிப் பார்க்கும். ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கும் ஓட்டுநர், ஹாரனில் நெற்றியை மோதிக்கொண்டு எழுவார். கழிப்பறையில் நிதானமாக இருந்தவர் நிதானம் இழப்பார். நிலையத்து நாய்கள் அவருடைய ஷிப்ட் முடியும்வரை பின்பக்கத்து மைதானத்தில் தஞ்சம் புகுந்திருந்து, பிறகுதான் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தபடி திரும்பி வரும்.

மாலை ஷிப்ட்காரரைப் பட்டு என்பார்கள். பட்டு சத்தமே போடமாட்டார். "அன்பான பயணிகளே..." என்று தொடங்கி ஒரு மூச்சு விடுவார். பேருந்து உங்களைவிட்டுப் போவதில் அவருக்கும் வருத்தம்தான் என்பது அந்த மூச்சில் தெரியும். வண்டியைத் தவறவிட்டவர்கள்கூட அவரைத் திட்டியதில்லை. எவ்வளவு அழகாகச் சொன்னார், நமக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்று அடுத்த வண்டிக்கு உட்கார்ந்துவிடுவார்கள்.

வெண்கலத்தின் கருத்து வேறு. "குரலா அது? தலையணை. தலையணையை வச்சு பஸ் ஓட்ட முடியுமா?" என்பார்.

ஒரே தொழிலில் இரண்டு பேர் இருந்தால் வருகிற சாதாரண வயிற்றெரிச்சல்தான் இது. மருந்து சாப்பிட வேண்டிய அளவுக்கு இல்லை. அந்த அளவுக்கு அதை வளர்த்துவிட்டவள் அவருடைய கடைசிப் பெண். அப்போது அவளுக்குத் தலைகூட நிற்கவில்லை.

வெண்கலத்துக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறவள். பிறந்த அன்றே அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள், முடிவெடுத்தாள், அத்துடன் சரி. அப்பா தலைவாரிவிட்டால் பொறுமையாக நின்று வாரிக்கொண்டு, நேராக அடுக்களைக்குப் போய், "அம்மா, வாரி விடு" என்பாள். இரண்டாமவன் மாமன் கட்சி. வெண்கலத்தின் மச்சான் லாரி ஓட்டுகிறவர். ஒருநாள் மருமகனை மடியில் வைத்து ஹாரன் அடிக்க விட்டார். ஒரே ஹாரனில் பிள்ளை கைமாறிவிட்டது. "வளர்ந்து என்னவாகப் போறடா?" என்று யாராவது கேட்டால், "மாமாவாகப் போறேன்" என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். வெண்கலமும் சிரிப்பார், பல்லால் மட்டும்.

ஆகையால் மூன்றாவது வயிற்றில் தரித்தபோது, வெண்கலம் இதை மற்றவர்கள் கைக்கு விடுவதில்லை என்று தீர்மானித்தார். அவர்கள் வீடு நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது. இரண்டு அறை, ஓர் அடுக்களை. ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர், அதன் வாய் ஜன்னலைப் பார்த்து. வேறு யாராக இருந்தாலும் வீட்டை மாற்றியிருப்பார்கள். வெண்கலம் அதில் ஒரு பெரும் வாய்ப்பைக் கண்டார்.

"வயித்துல இருக்கிறது எல்லாத்தையும் கேட்கும்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. காலையிலிருந்து என் குரலைத்தானே கேட்டுக்கிட்டிருக்கு? இது என் பிள்ளை. இதுல யாரும் பங்குக்கு வரக்கூடாது."

"தாராளமா," என்றாள் மனைவி. "அப்படியே பெத்துக்கிட்டு வரவும் நீங்களே போயிட்டு வந்துடுங்க."

பிறந்தது பெண். முதல் அழுகையிலேயே மருத்துவமனைத் தாதி காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா யாரு?" என்று கேட்டாளாம். வெண்கலம் அந்தக் கேள்வியைப் பாராட்டுப் பத்திரம்போல் மனதில் மாட்டிவைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபின் குழந்தை பகல் முழுக்க அழுதது. பால் குடித்துவிட்டு அழுதது. அழுததால் களைத்து, களைத்ததால் அழுதது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி அப்போது விடுப்பில் இருந்தாள். விடுப்பு என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்தால் அந்த ஆளிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்று, தோளில் குழந்தையைத் தட்டியபடி அவள் அடிக்கடி சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் வெண்கலம் வேலை முடிந்து வந்ததும், குழந்தையை அவர் கையில் போட்டுவிட்டு, "ஒரு அதிசயம் கேளுங்க" என்றாள். "எப்படி அழுதுக்கிட்டிருந்தாலும் சரி, ஸ்பீக்கர்ல குரல் வந்தா போதும். பொசுக்குனு நிறுத்திடுது."

வெண்கலத்துக்குத் தலைகால் புரியவில்லை. எந்த நேரத்துக் குரல் என்று கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று யாராவது கேட்பார்களா?

மறுநாள் நிலையம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நேரக் காப்பாளரிடம் சொன்னார், டிக்கெட் கிழிப்பவர்களிடம் சொன்னார், வண்டி கழுவுகிறவரிடம் இரண்டு முறை சொன்னார். நிலையப் பொறுப்பாளரைக் கன்ட்ரோலர் என்பார்கள், அவருக்கும் சொன்னார். கன்ட்ரோலர், "பாவம், பயத்துல நிறுத்துதோ என்னமோ" என்றார். ஷிப்ட் மாறும் நேரத்தில் அறிவிப்பு அறைக்கு வந்த பட்டுவை நிறுத்தி, விசேஷமாகச் சொன்னார்.

"தம்பி, குரல்னா பயணிக்கு மட்டும் கேட்டா பத்தாது. ரத்தத்துக்குக் கேட்கணும். என் பொண்ணு என் குரல் வந்தா கப்சிப்."

பட்டு ஒரு கணம் அவரையே பார்த்தார். "கொடுத்துவச்சவர் அண்ணே நீங்க," என்றுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து வெண்கலம் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பேசினார். துறைமுக வண்டிக்குக் கொடுத்த முழக்கத்தில் கப்பலே கிளம்பியிருக்கும். மகளுக்குக் கேட்கவேண்டுமே என்று வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார். ஒலிபெருக்கி அப்படி வேலை செய்வதில்லை என்பது அவருக்குத் தெரியும், இருந்தாலும் தகப்பன் மனம். முடிவில், ஆற்றங்கரை வண்டி மூன்றாம் நடைமேடையிலிருந்து புறப்படும் என்று சொல்ல வாயைத் திறந்தபோது, காற்று மட்டும் வந்தது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஒரு வாரம் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்றார். இந்தச் செய்தியை மனைவியிடம் டாக்டரே போனில் சொன்னார். அவள், "ஒரு வாரம் போதுமா டாக்டர்? வேணும்னா நல்லா ஆறட்டுமே" என்று கேட்டாள்.

இப்படி வெண்கலம் வீட்டில் படுக்கையும் வெந்நீருமாக, நான்காவது பிள்ளையாகச் சேர்ந்தார். சைகையால் வெந்நீர் கேட்டார், சைகையால் போர்வை கேட்டார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சைகைகளைத் தப்புத்தப்பாக மொழிபெயர்த்தான். காலை ஷிப்டைக் கன்ட்ரோலரே பார்த்துக்கொண்டார். பயணிகள் ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல் அதட்டினார். குழந்தை நிறுத்தாமல் அழுதது. வெண்கலத்துக்கு உள்ளுக்குள் இனித்தது. பாவம், என் குரலைத் தேடுகிறது என்று நினைத்துக்கொண்டார். கண்ணில் நீர்கூட வந்தது.

வெயில் சாய்ந்தது. மனைவி ஒரு தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டு, மறு கையால் துவைத்த துணிகளைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள். மகன் எதற்கோ அவள் காலைக் கட்டிக்கொண்டு தொங்கினான். குழந்தையின் அழுகை உச்சத்தில் இருந்தது. அப்போது கம்பத்திலிருந்து, "அன்பான பயணிகளே..." என்று வந்தது.

மனைவி துணியை அப்படியே நாற்காலியில் போட்டாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். குழந்தை ஒரு விக்கல் விக்கியது. நிறுத்தியது. அதன் கண்கள் மெதுவாக மூடின.

வெண்கலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து உட்கார்ந்தார். கம்பத்தைக் காட்டினார், குழந்தையைக் காட்டினார், தன்னைக் காட்டினார், இரண்டு கையையும் விரித்தார்.

"வெந்நீர் வேணுமாம்," என்றான் மகன்.

டாக்டர் உத்தரவை மீறி வெண்கலம் கிசுகிசுத்தார். "நீ சொன்னியே... குரல் வந்தா நிறுத்துதுன்னு... அது... எந்தக் குரல்?"

"அதான், சாயங்காலக் குரல்," என்றாள் மனைவி, கண்ணை மூடியபடியே. "நீங்க பேசும்போதெல்லாம் நல்லா அழும்."

பெண்டாட்டி சம்பந்தமாக ஒரு மனிதனுக்குப் பொறாமை வந்தால், நாலு பேரிடம் சொல்லி அழலாம்; உலகமே உடனிருக்கும். பால் குடிக்கிற குழந்தை சம்பந்தமாக வந்தால் எங்கே போய்ச் சொல்வது? வெண்கலம் அந்த வாரம் முழுவதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, பட்டுவின் குரலை அங்கம் அங்கமாக ஆராய்ந்தார். அதில் ஒன்றுமில்லை என்று காலையில் முடிவு செய்வார். சாயங்காலம் அது வரும், குழந்தை அடங்கும், முடிவு கவிழும். மூத்தவளை என் கண்ணெதிரே அவள் அம்மா எடுத்துக்கொண்டாள், சரி, பெற்றவள். பையனை மச்சான் கொண்டுபோனார், அதுவும் சரி, தாய்மாமன். இவன் யார்? கம்பத்தில் தொங்குகிற ஒருவன் வந்து என் பிள்ளையைக் கொண்டுபோவதா?

குரல் திரும்பிய அன்று, தொட்டிலருகே குனிந்து, தொண்டையைத் தேன்போல் குழைத்துக்கொண்டு, "அன்பான... மகளே..." என்று இழுத்தார்.

குழந்தை அவரை உற்றுப் பார்த்தது. பிறகு இதுவரை வெளிவிடாமல் வைத்திருந்த ஓர் அழுகையை வெளியே எடுத்தது.

"அப்பா," என்றான் மகன் கவலையோடு, "வயிறு வலிக்குதா?"

மூத்தவள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பட்டு மாமா மாதிரி பேசிப் பார்க்கிறார்டா. வரல," என்றாள்.

அந்த 'வரல'தான் வெண்கலத்தைக் கன்ட்ரோலர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. தொண்டை பலவீனமாகிவிட்டது, காலைக் காற்று ஆகாது, இனிமேல் மாலை ஷிப்ட்தான் தாங்கும் என்று கம்பீரமான குரலில் முறையிட்டார். பட்டு ஒத்துக்கொள்ளமாட்டான், மோதல் வரும், அதில் சொல்லலாம் என்று சில வாக்கியங்களும் தயார் செய்து வைத்திருந்தார்.

"எனக்குச் சம்மதம் அண்ணே," என்றார் பட்டு, கன்ட்ரோலர் கூப்பிட்டுக் கேட்ட உடனே. "இன்னைக்கே வேணும்னாலும் மாத்திக்கலாம்."

தயார் செய்த வாக்கியங்கள் எல்லாம் வீணாய்ப் போயின. எதிரி இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று வெண்கலத்துக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்ளத் துணிந்தவன் சந்தேகத்துக்கெல்லாம் நிற்பதில்லை. வீட்டில் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தார். மறுநாள் காலை ஸ்பீக்கரில் பட்டுவின் குரல் கேட்டபோது, இன்று அவன்தான் இரண்டு ஷிப்டும் என்று மழுப்பினார். பகலில், கணக்கு வேலை பாக்கியிருக்கிறது, ஏதோ பயிற்சி இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டுக் கிளம்பினார்.

மாலை வந்தது. வெண்கலம் அறிவிப்பு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த நேரம் மகள் அழுதுகொண்டிருப்பாள். இதோ, அப்பா குரல் வரப்போகிறது, பொசுக்கென்று நிறுத்தப்போகிறாள். பொத்தானை அழுத்தினார்.

"அன்பான பயணிகளே!"

முதல் நடைமேடையில் ஒரு பெரியவர் பையைக் கீழே போட்டார். காலையிலிருந்து நிம்மதியாகப் படுத்திருந்த நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மறுபடி மைதானத்துக்கு நடந்தன. வெண்கலம் மலைப்பாதை வண்டியை அறிவித்தார், பழைய சந்தை வண்டியை அறிவித்தார். இடையிடையே பொத்தானை விட்டுவிட்டு, பின்தெருப் பக்கம் காதைத் தீட்டினார். அழுகைச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கும் என்று முடிவு செய்தார். பக்கத்து வீட்டில் குழந்தை இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

துறைமுக வண்டியை அறிவிக்கப் பொத்தானை அழுத்திய நேரத்தில், கதவு படாரென்று திறந்தது. வாசலில் மனைவி. கையில் கத்திக்கொண்டிருக்கும் குழந்தை, முந்தானையைப் பிடித்தபடி மூக்கொழுகும் மகன், பின்னால் அண்டை வீட்டாரைப் பார்ப்பதுபோல் தகப்பனைப் பார்க்கும் மூத்தவள். வெண்கலம் பதறி எழுந்தார். விரல் பொத்தானை விட்டது. பொத்தான் விடவில்லை, அது பழைய பொத்தான், அழுத்தினால் சில சமயம் அப்படியே நின்றுவிடும்.

"உங்களை யாருங்க சாயங்காலம் வரச் சொன்னது?"

இந்தக் கேள்வி எல்லா நடைமேடைகளிலும், காத்திருப்புக் கூடத்திலும், வெளிவாசலிலும் தெளிவாகக் கேட்டது.

"ஷிப்ட் மாத்தி... கேட்டு வாங்கியிருக்கேன்," என்றார் வெண்கலம்.

"கேட்டு வாங்கினீங்களா!"

"இவளுக்காகத்தான். அவன் குரலுக்கு அடங்குறா, என் குரலுக்கு அடங்க மாட்டேங்கிறாளே. இந்த நேரத்துல என் குரல் வந்தா எனக்கும் அடங்குவாளேன்னு..."

வெளியே பயணிகள் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. கோபம் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றதுபோல் இருந்தது.

"ஏங்க, அந்தக் குரல் வந்தா என்ன அர்த்தம்? நீங்க நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டீங்கன்னு அர்த்தம். செருப்பை மாட்டிட்டீங்கன்னு அர்த்தம். இப்ப வந்துடுவீங்க, இதை உங்க கையில கொடுத்துட்டு நான் கொஞ்சம் கையை ஆட்டலாம்னு அர்த்தம். பகல் பூரா இதைத் தூக்கி வச்சிருக்கேன், என் உடம்பு கம்பு மாதிரி இருக்கு. பட்டு 'அன்பான'ன்னு ஆரம்பிச்சதும் அது இளகிடும். நான் மூச்சு விட்டா இதுவும் மூச்சு விடும். அவ்வளவுதான் அதிசயம். பட்டாவது, பருத்தியாவது! இன்னைக்கு அடுப்பை அணைச்சுட்டு உட்காரப் போறேன், உங்க குரல் வருது. எனக்கே அழுகை வந்துடுச்சு, இது அழாதா?"

வண்டிகள்கூட எஞ்சினைத் தணித்துக்கொண்டதுபோல் இருந்தது. கண்ணாடியின் அரைவட்ட ஓட்டை வழியாக ஒரு நடுவயதுப் பெண் முகத்தை நுழைத்து, "துறைமுக வண்டி எப்பன்னு அப்புறம் சொல்லலாம் சார். முதல்ல அந்தப் பிள்ளையைக் கையில வாங்குங்க," என்றாள்.

வாங்கினார். மனைவி வெளியே போய், பயணிகள் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். யாருக்காகவும் காத்திருக்காமல், எந்த வண்டிக்கும் போகாமல், சும்மா இருந்தாள்.

மைக்கில் குழந்தை அழுதது. ஊரே கேட்டது. கன்ட்ரோலர் ஓடி வந்து, பொத்தானைத் தட்டி நிமிர்த்திவிட்டு, "புது அறிவிப்பாளரா? உச்சரிப்பு உங்களைவிடத் தெளிவா இருக்கே," என்றார்.

வெண்கலம் குழந்தையைத் தோளில் போட்டு, அந்தச் சின்ன அறைக்குள் நாற்காலிக்கும் கதவுக்குமாக நடந்தார். முதுகைத் தட்டினார். ஒரு வண்டி கிளம்பியது, இன்னொன்று வந்தது. எப்போது என்று தெரியவில்லை, தோளில் ஒரு சின்னப் பாரம் கூடியது. குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அவர் தோளில்! அவருக்கு உலகத்தைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. அதற்கான கருவியும் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் முழங்கினால் விழித்துக்கொள்ளும். துறைமுக வண்டியோ கிளம்ப நிற்கிறது.

வாழ்க்கையில் முதல் தடவையாக வெண்கலம் மைக்கருகே குனிந்து, கிசுகிசுப்பாகப் பேசினார். "துறைமுகம் செல்லும் பேருந்து... இரண்டாம் நடைமேடையில்... மெதுவாக ஏறிக்கொள்ளவும்..."

பெஞ்சில் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "அப்பாடா, பட்டு வந்துட்டார்," என்றார்.

குழந்தை தோளில் தூங்குகிறது, பெயர் இன்னொருவனுக்குப் போகிறது! வெண்கலத்தின் வயிறு கபகபவென்று எரிந்தது. மறுத்துக் கத்தவும் வழியில்லை.

மறுநாள் பகலில் மனைவி மூத்தவளை அனுப்பிப் பட்டுவை வீட்டுக்கு வரவழைத்தாள். ஷிப்டைப் பழையபடி மாற்றிக்கொள்ளும்படி கேட்கத்தான். பட்டு காலை வேலையை முடித்துவிட்டு வந்தார். வெண்கலம் மாலை வேலைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பட்டுவின் கண் குழந்தைமேல் போயிற்று.

"கொடுங்க அண்ணி, கொஞ்சம் வச்சிருக்கேன்."

மனைவி கொடுத்தாள். வெண்கலம் கடைசிப் பொத்தானைப் போடாமல் அப்படியே நின்றார். அவள் ஆயிரம் காரணம் சொல்லலாம். உண்மை இப்போது தெரிந்துவிடும். பட்டு குழந்தையின் முகத்தருகே முகத்தைக் கொண்டுபோய், அசல் பட்டில், கலப்படமில்லாமல், "அன்பான குட்டியே..." என்றார்.

குழந்தை கூர்ந்து பார்த்தது. கீழுதடு மெல்லப் பிதுங்கியது. பிறகு வீடு அதிர்ந்தது.

வெண்கலம் அத்தனை ஆண்டுகளில் எத்தனையோ நல்ல குரல்களைக் கேட்டிருக்கிறார். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. "அடடா, பசி போலிருக்கு," என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னார். வாயின் இரண்டு ஓரங்களும் சொல்பேச்சுக் கேட்காமல் மேலே போய்க்கொண்டிருந்தன. "இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருந்து பாருங்க தம்பி, பரவாயில்லை."

பட்டு கோபப்படவில்லை. பழகிய கையோடு குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார். "என் பொண்ணும் இப்படித்தான் அண்ணே."

"உனக்குப் பொண்ணு இருக்கா?" பல காலம் ஒரே நாற்காலியின் சூட்டைப் பகிர்ந்துகொண்டவரிடம் வெண்கலம் இதை அப்போதுதான் கேட்டார்.

"இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கா. நான் ஷிப்ட் முடிஞ்சு போறப்ப தூங்கிடுவா. நான் எந்திரிக்கிறதுக்குள்ள அவ அம்மா வேலைக்குப் போற வழியில பாலர் பள்ளியில விட்டுடுவா. எங்க தெருவுலயும் ஒரு ஸ்பீக்கர் இருக்கு. அவளுக்கு அப்பான்னா அதுதான். எங்கே குழாய் ஸ்பீக்கரைப் பார்த்தாலும் கையை நீட்டி 'அப்பா'ங்கிறா. லீவு நாள்ல நான் பக்கத்துல போனா அழறா." பட்டு சிரித்தார். "நேத்துத்தான் வேலை நாள்ல முதல் தடவையா சாயங்காலம் வீட்டுல இருந்தேன். முதல்ல கிட்டவே வரல. தூங்கப் போறதுக்கு முன்னாடி வந்தா. வந்து, என் தொண்டையில விரல் வச்சு அழுத்திப் பார்த்தா. குழாய் எங்க இருக்குன்னு தேடுறா போல."

குழந்தை விக்கலோடு நிறுத்திக்கொண்டது.

"நீங்க உங்க பொண்ணு கதையைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவீங்க இல்ல? சிரிச்சுக்கிட்டே கேட்பேன். நீங்க கிளம்பிப் போறதைக் கண்ணாடி வழியாப் பார்ப்பேன். வயிறு எரியும் அண்ணே. தப்பா நினைக்காதீங்க."

தான் பொறாமைப்பட்ட ஆள் தன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தான் என்ற செய்தி எந்த மனிதனுக்கும் பெரு மகிழ்ச்சி தரத்தக்கது. வெண்கலத்துக்கும் தந்தது. ஆனால் அது உள்ளே இறங்காமல் தொண்டையிலேயே நின்றுகொண்டது. டாக்டர் மறுபடி விளக்கடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஷிப்டைத் திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்காமல் விடவும் மனைவியின் முகம் இடம் கொடுக்கவில்லை. முழக்கத்துக்குப் பேர்போனவர் சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டு நின்றார்.

"ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் அவர்," என்றாள் மனைவி கடைசியில். அவளுக்கும் அதில் முழு சம்மதம் இல்லை என்பது குரலில் தெரிந்தது. "கன்ட்ரோலர்கிட்ட நான் பேசறேன். முடியாதுன்னா, மைக்கைப் போட்டுட்டுப் பேசறேன்."

கன்ட்ரோலர் முடியாது என்று சொல்லவில்லை.

வெண்கலத்தின் காலை வாரம் வந்தது. முதல் நாள் சாயங்காலம், பட்டுவிடம் நாற்காலியை ஒப்படைத்துவிட்டு வேகமாக நடந்தார். தெருமுனையில் இருக்கும்போதே கம்பத்திலிருந்து குரல் வந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை அடங்கியிருந்தது. அவர் கைக்கு வந்ததும் ஒரு தரம் சிணுங்கி, சட்டைக் காலரைக் கைப்பிடிக்குள் சுருட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்தபடி சும்மா கிடந்தது. வெண்கலம் அதை ஜன்னலருகே கொண்டுபோய், வருகிறவர் போகிறவர் பார்வைக்குப் படும்படி நின்றார்.

"என்ன இவன், அவசர அவசரமா வாசிக்கிறான்?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "'அன்பான'ங்கிறதுக்கு அப்புறம் ஒரு மூச்சு விடுவானே, அதையே காணோம். தொழில்ல அக்கறை போயிடுச்சு."

"அவருக்கு வீட்டுக்குப் போகணும்," என்றாள் மனைவி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு. "அடுத்த வாரம் நீங்க இப்படித்தான் வாசிப்பீங்க. பிடிங்க, நல்லா பிடிங்க, நான் குளிச்சுட்டு வரேன். தட்டாதீங்க, கூப்பிடாதீங்க, ஸ்பீக்கர் எரிஞ்சு விழுந்தாலும் சொல்லாதீங்க."

குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை.

அடுத்த வாரம் இதே நேரத்தில் பட்டு தன் வீட்டு ஜன்னலருகே நிற்பான், அவன் பெண் அவன் தொண்டையில் விரல் வைப்பாள், நாம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஆற்றங்கரை வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம் என்ற நினைப்பு வெண்கலத்துக்கு வந்தது. வயிறு வழக்கம்போல் எரிந்தது. இந்த முறை எரிச்சல் ஒரு வாரம் முன்கூட்டியே வந்துவிட்டது. அவர் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். இறுக்கத்தில் அது குடித்த பாலைச் சத்தமில்லாமல் அவர் தோளில் கக்கியது. மகன் ஓடிவந்து எட்டிப் பார்த்து, "அக்கா, பாப்பா அப்பா மேல கக்கிடுச்சு!" என்று கூவினான்.

"கத்தாதே," என்றார் வெண்கலம் கிசுகிசுப்பாக. துடைக்கப் போகவில்லை. போனால் குழந்தையை யாரிடமாவது கொடுக்க வேண்டியிருக்கும்.